தேராத் தீவின் பெயர்களும் பழங்கதைகளும்

ஏஜியன் கடலின் தென்பகுதியில், கிரீட் தீவுக்கு வடக்கே ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தொலைவில், பிறை வடிவாக வளைந்து கிடக்கும் சிறு தீவு ஒன்று உளது. அதன் உட்கரை கடலினின்றும் செங்குத்தாக எழுந்து, சில இடங்களில் 300 மீட்டர் உயரம் வரை பாறைச் சுவராக நிற்கும். வெளிக்கரையோ மெல்லச் சரிந்து கடலைச் சேரும். பிறைக்கு எதிரே தேராசியா என்னும் சிறு தீவும், அதனினும் சிறிய வெண்பாறைத் திட்டொன்றும் உள்ளன. இவற்றின் நடுவே ஆழ்ந்த கடல். அக்கடலின் மையத்தில் எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான கரிய திட்டுகள் இரண்டு. இத்தீவை உலகம் இன்று சாந்தொரினி என்று அழைக்கின்றது. கிரேக்க அரசின் ஏடுகளில் அதன் பெயர் தீரா என்பது. இது தேரா என்னும் பண்டைப் பெயரின் இக்கால ஒலிப்பே. தேராவுக்கும் முற்பட்ட பெயர் கல்லிஸ்தே என்று பண்டை நூலோர் கூறுவர்.

ஒரு தீவுக்கு இங்ஙனம் மூன்று பெயர்கள் வாய்த்தமையும், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை வழங்குகின்றமையும் ஆராய்ச்சிக்கு உரியன. நன்னூலார் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்தமையை நாம் அறிவோம். தொல்காப்பியரோ, சொல்லின் பொருட்காரணம் நோக்கிய அளவில் புலப்படுவதன்று என்னும் கருத்தினர். எனவே, காரணம் புலனாகாத பெயர் ஒன்றைக் கேட்ட மக்கள் அதனை அவ்வாறே விட்டுவிடுகின்றனரா, அன்றித் தாமே ஒரு காரணத்தைப் படைத்துக்கொள்ளுகின்றனரா என்னும் வினா எழுகின்றது. படைத்துக்கொள்வாராயின், அக்காரணத்தைப் படைத்தவர் யார், எதன்பொருட்டுப் படைத்தனர் என்பதும் உடன் ஆராயத்தக்கதாகும். தேராத் தீவின் கதைகள் இவ்வினாக்களுக்குத் தெளிவான விடை தருவன.

இக்கதைகளை முதன்முதல் விரிவாக எழுதியவர் கி.மு. 5ஆம் நூற்றாண்டினரான வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸ். அவர் தம் நூலின் நான்காம் பகுதியில் கூறுவதன் சுருக்கம் பின்வருமாறு: பினீசிய அரசன் அகேனரின் மகன் காத்மஸ், காணாமற்போன தன் தங்கை யூரோப்பாவைத் தேடிக் கடல்வழிச் சென்றபோது இத்தீவில் இறங்கினான். நாடு அவன் மனத்துக்கு இனியதாய் இருந்ததனாலோ, பிறிதொரு காரணத்தாலோ, தன் உறவினன் மெம்பிலியாரஸ் என்பவனையும் பினீசியர் சிலரையும் அங்கே விட்டுச் சென்றான். அன்று கல்லிஸ்தே எனப்பட்ட அத்தீவில் அவர்தம் வழியினர் எட்டுத் தலைமுறை வாழ்ந்தனர். பின்னர் ஸ்பார்த்தாவிலிருந்து தேராஸ் என்பவன் வந்தான். அவன் காத்மஸின் மரபினன்; ஸ்பார்த்தாவின் இளவரசர் இருவர்க்கும் தாய்மாமன். மருகர் இருவரும் சிறுவராய் இருந்த காலத்து அவர்க்காக ஆட்சியை நடத்தியவன். அவர்கள் வளர்ந்து அரசேற்றபின், ஆண்டு பழகிய அவன் அடங்கி வாழ விரும்பிற்றிலன். கடல் கடந்து தன் உறவினர் வாழும் தீவுக்குச் செல்லத் துணிந்தான். லெம்னோஸ் தீவினின்றும் துரத்தப்பட்டு ஸ்பார்த்தாவில் புகலடைந்திருந்த மினியர் சிலரையும் உடன்கொண்டு, முப்பது துடுப்புக் கப்பல்கள் மூன்றில் புறப்பட்டான். அவன் பெயரால் தீவு தேரா எனப்பட்டது.

இக்கதையில் முதற்கண் நோக்கத்தக்கது கல்லிஸ்தே என்னும் பெயர். கிரேக்க மொழியில் அதன் பொருள் 'மிக அழகியது' என்பது. பினீசியர் வாழ்ந்த தீவுக்கு அவர்கள் வருமுன்பே தூய கிரேக்கப் பெயர் இருந்தது எவ்வாறு என்பதைக் கதை கூறவில்லை. இப்பெயரைப் பின்னும் எடுத்தாண்ட புலவர் கல்லிமாக்கஸ் சைரீனி நகரத்தவர். சைரீனியோ தேராவினர் லிபியாவில் நிறுவிய நகரம். தாயகத்தை நினைந்து பாடும் புலவர்க்கு 'மிக அழகியது' என்னும் பெயர் இனிமை பயப்பதில் வியப்பில்லை. மரமும் நீரும் அருகிய, சாம்பல் மண் படிந்த தீவுக்கு இப்பெயர் எங்ஙனம் பொருந்தும் என்று கேட்பார்க்கு, தாய்நாட்டைப் புகழும் பெயர்கள் நிலநூல் ஆராய்ந்து இடப்படுவன அல்ல என்பதே விடையாகும்.

இனித் தேராஸ் என்னும் தலைவனை நோக்குவோம். ஊரின் பெயரைக் கொண்டு ஒரு தலைவனைப் படைத்து, அத்தலைவனால் ஊர் அப்பெயர் பெற்றது என்று கூறுதல் கிரேக்கக் கதைகளில் பெருவழக்கு. இங்கு நிகழ்ந்ததும் அதுவே என்பது எமது துணிபு. இதற்குச் சான்று அக்கதையின் உள்ளேயே கிடைக்கின்றது. தேராஸுக்கு ஒரு மகன் இருந்தானாம். தந்தையுடன் வர அவன் மறுத்தனனாம். 'ஓநாய்களின் நடுவே ஆட்டை விட்டுச் செல்வதாக நின்னை விட்டுச் செல்வேன்' என்னும் கருத்துப்படத் தந்தை கூற, அதனால் மகனுக்கு ஒயோலிக்கஸ் என்பதே பெயராயிற்றாம். 'ஒயிஸ்' என்பது ஆடு; 'லிக்கோஸ்' என்பது ஓநாய். அம்மகனின் மகன் ஐகெயஸ். அவனிடமிருந்து ஸ்பார்த்தாவின் ஐகெயிதர் என்னும் குடி தோன்றியது. ஆக, தீவுக்கு ஒரு தலைவன், குடிக்கு ஒரு முதல்வன், விளங்காத இயற்பெயர் ஒன்றுக்கு ஓர் உரையாடல் என மூன்று பெயர்களுக்கு ஒரே குடும்பத்தில் காரணம் கற்பிக்கப்பட்டுள்ளது. ஒரு கதையில் பெயர்க்காரணங்கள் இத்துணை நெருங்கி நிற்குமாயின், கதை பெயர்களுக்காக எழுந்ததேயன்றிப் பெயர்கள் கதையினின்று எழுந்தன அல்ல என்று கொள்ளுதல் தகும்.

ஆயினும் தேராஸை வெறுங்கற்பனை என்று தள்ளிவிடுதலும் முறையன்று. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாடெங்கும் சுற்றிப் பார்த்தெழுதிய பௌசானியஸ், தம் காலத்தும் தேராவினர் ஆண்டுதோறும் அவனுக்கு நகர்நிறுவியவனுக்குரிய பலி செலுத்தினர் என்று குறிக்கின்றார். தேராவில் குடியேறிய டோரியர் ஸ்பார்த்தாவுடன் தொடர்புடையவர் என்பதை அவர்தம் கிளைமொழியும் வழிபாடுகளும் காட்டும். குடியேற்றம் வரலாற்று உண்மை. தலைவன் பெயர் பின்னையோர் படைப்பு.

தேரா என்னும் சொல்லின் மூலம் யாது? கிரேக்கத்தில் 'தேரா' என்பது வேட்டையைக் குறிக்கும் பொதுச்சொல். 'தேர்' என்னும் விலங்குப் பெயரினின்றும் அது பிறந்தது. வியப்பு யாதெனில், கண்முன் கிடந்த இப்பொருளை ஹெரொடோட்டஸ் ஒரு சொல்லாலும் தொடவில்லை. 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ், கிரீட் தீவின் நொசாஸ் அரண்மனை முதலிய இடங்களிற் கிடைத்த களிமண் ஏடுகளின் எழுத்தைப் படித்துக் காட்டினார். அவற்றுள் ஒலிவ எண்ணெய்க் காணிக்கைகளைக் குறிக்கும் நொசாஸ் ஏடுகளில் 'கெ-ர-சி-ய' என்று படிக்கத்தகும் தெய்வப் பெயர் ஒன்று வருகின்றது. இதன் முதலெழுத்து, பிற்காலக் கிரேக்கத்தில் 'தேர்' என்னும் சொல்லின் முதலொலியாகத் திரிந்த பழைய இதழியைந்த ககர ஒலியைக் குறிப்பது. ஆதலின் அத்தெய்வத்தை வேட்டைத் தெய்வம் என்பாரும், தேராசியாத் தீவோடு தொடர்புபடுத்துவாரும் உளர். இரண்டும் இன்னும் முடிந்த முடிபல்ல. பின்னையது உண்மையாயின், கதை கூறும் தேராஸ் பிறப்பதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே அப்பெயர் அக்கடலில் வழங்கிற்றென்பது பெறப்படும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. 'தேர்' என்ற உடனே நம் கொற்றவரின் தேரை நினைந்து, எரிமலைத் தீவொன்றைத் தமிழோடு பிணைக்கும் ஆர்வம் சிலர்க்கு எழக்கூடும். ஒலியொப்புமை ஒன்றே பற்றி மொழியுறவு காண்பது, ஆட்டையும் ஓநாயையும் சேர்த்து ஒருவனுக்குப் பெயரிட்ட கதைக்கு எவ்வாற்றானும் மேம்பட்டதன்று.

காத்மஸ், மெம்பிலியாரஸ் என்போரைப் பற்றிய பகுதி இதனினும் சுவையுடையது. தேராவில் பினீசியர் எட்டுத் தலைமுறை குடியிருந்தமைக்கு அகழாய்வுச் சான்று கிடைத்திலது. தேராவின் பண்டை நகரம் மெசா வூனோ என்னும் குன்றின்மீது உளது. அங்கே ஜெர்மானிய அறிஞர் ஹில்லர் ஃபான் கேர்த்ரிங்கன் 1896 முதல் 1902 வரை அகழ்ந்து கண்டவை டோரியக் குடியேற்றத்தின் எச்சங்களும் அதன் பிற்கால வளர்ச்சியுமே. அவ்வகழாய்வில் வெளிப்பட்ட பாறைக் கல்வெட்டுகள் கிரேக்க எழுத்தின் மிகப் பழைய நிலையைக் காட்டுவனவற்றுள் சில. பினீசிய எழுத்துகளோடு கிரேக்கர் பின்னர்த் தாமாகச் சேர்த்துக்கொண்ட தனியெழுத்துகள் அவற்றில் இல்லை. மூச்சொலியோடு கூடிய பகரத்தையும் ககரத்தையும் தேராவினர் தனியெழுத்தால் எழுதாது, ஈரெழுத்துகளை அடுத்தடுத்துப் பொறித்துக் காட்டினர். கிரேக்கர்க்கு எழுத்தைக் கொண்டுவந்தவன் காத்மஸ் என்று அதே ஹெரொடோட்டஸ் பிறிதோரிடத்துக் கூறுவதை இதனோடு வைத்து நோக்குக. பினீசியர் தேராவில் வாழ்ந்திராவிடினும், அவர்தம் எழுத்துமுறைக்கு மிக அணுக்கமான முறை அங்கே நெடுநாள் நிலவியது. காத்மஸ் கதை தேராவில் வேரூன்றியமைக்கு இதுவும் ஒரு துணையாய் இருந்திருத்தல் கூடும்.

அக்கதையின் முதன்மைப் பயன் வேறு. தேராஸ் அங்கு வாழ்ந்தோரைத் துரத்தும் எண்ணத்தோடு செல்லவில்லை, அவர்களைத் தன் உறவினராகக் கருதி உடன்வாழவே சென்றான் என்று ஹெரொடோட்டஸ் வற்புறுத்துகின்றார். பௌசானியஸ் இதனை இன்னும் வெளிப்படையாக்குவார்: தேராஸ் காத்மஸின் நேர்வழியினன், தீவிலிருந்தோர் காத்மஸ் விட்டுச்சென்ற எளிய குடிமகன் ஒருவனின் வழியினர். ஆதலின் அவர்கள் ஆட்சியைத் தாமே விரும்பி அவனிடம் ஒப்படைத்தனர். வந்தேறிகள் பிறர் நிலத்தைக் கைப்பற்றினர் என்னும் பழி இக்கதையால் நீங்குகின்றது. புதிதாக வந்தவனே பழைய உரிமையாளன்; அங்கு இருந்தோர் அவனுக்காகக் காத்திருந்தோர். பெயர்க்கதை இங்கே நில உரிமைப் பட்டயமாகின்றது.

இப்பட்டயத்தின் இரண்டாம் பகுதி கடலுக்கு அப்பால், லிபியாவில் எழுதப்பட்டது. தேராவில் ஏழாண்டு மழை பெய்யாதொழிந்தது. மரங்களுள் ஒன்றே எஞ்சிற்று என்பது கதை. டெல்பியின் தெய்வவாக்கு லிபியாவில் நகர் அமைக்குமாறு ஏவ, தேராவினர் பாத்தஸ் என்பவன் தலைமையில் ஒரு குழுவை இரு கப்பல்களில் அனுப்பினர். அனுப்பப்பட்டோர் மீண்டு வந்தபோது கரையேற விடாமல் எய்து துரத்தினர் என்பதையும் ஹெரொடோட்டஸ் மறைக்கவில்லை. அக்குழுவினர் இறுதியில் நிறுவிய நகரமே சைரீனி. அதன் தோற்றத்தைக் கி.மு. 631 அளவில் வைப்பர்.

பாத்தஸ் என்னும் பெயரைப் பற்றிய ஆராய்ச்சியொன்றை ஹெரொடோட்டஸே நிகழ்த்துகின்றார். அவன் திக்குவாயன் ஆதலின் அப்பெயர் பெற்றான் என்று தேராவினரும் சைரீனியரும் கூறினர். திக்கிப் பேசுதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் இதனோடு ஒத்த ஒலியுடையது. ஹெரொடோட்டஸ் இதனை ஏற்றிலர். லிபிய மொழியில் அரசனுக்குப் பாத்தஸ் என்பது பெயர் என்றும், லிபியாவில் அரசனாகப் போகின்றவனைத் தெய்வவாக்கு அம்மொழிச் சொல்லாலேயே விளித்தது என்றும், அதற்குமுன் அவனுக்கு வேறு பெயர் இருந்தது என்றும் அவர் கருதினார். பிண்டார் என்னும் புலவர் அவனுக்கு அரிஸ்தோத்திலஸ் என்ற பெயரும் உண்டெனக் குறிப்பது இதற்கு அரணாகும். அவன் வழிவந்த சைரீனி அரசர் எண்மரும் பாத்தஸ், அர்க்கெசிலாஸ் என்னும் இரு பெயர்களையே மாறிமாறிப் பூண்டனர். மக்கள் வழக்கிலுள்ள ஒலியொப்புமையை விடுத்து, வேற்றுமொழித் தொடர்பை எண்ணிப் பார்த்த இவ்வாசிரியரின் நெறி, இருபத்தைந்து நூற்றாண்டுகளுக்கு முற்பட்டதாயினும் இன்றும் போற்றத்தக்கது. அவர் முடிபு சரியா என்பது வேறு.

பிண்டார் கி.மு. 462இல் சைரீனி அரசன் நான்காம் அர்க்கெசிலாஸ் டெல்பித் தேரோட்டத்தில் பெற்ற வெற்றியைப் புகழ்ந்து நெடும்பாடல் ஒன்று இயற்றினார். ஆர்கோ என்னும் கப்பலில் பொன்மயிர்த் தோலைத் தேடிச் சென்ற வீரருள் யூபேமஸ் ஒருவன். மீளும் வழியில் லிபியாவின் திரித்தன் ஏரிக்கரையில் ஒரு தெய்வம் அவனுக்கு விருந்துப் பொருளாக ஒரு மண்கட்டியைக் கொடுத்தது. கவனமின்மையால் அம்மண்கட்டி கடலில் விழுந்து தேராவின் கரையை அடைந்தது. அவன் அதனைத் தன் ஊராகிய தைனாரோனுக்குக் கொண்டுசென்று இட்டிருந்தால், நான்காம் தலைமுறையிலேயே அவன் வழியினர் லிபியாவை ஆண்டிருப்பர். தவறிவிட்டமையால் பதினேழாம் தலைமுறையில் தேராவிலிருந்து சென்று ஆளுவர். இதனைத் தேராவில் நின்று முன்னறிந்து கூறுபவள் மெடீயா.

நிலத்தை ஒருவர்க்கு உரிமையாக்கும்போது அந்நிலத்து மண்ணை அவர் கையிற் கொடுத்தல் பல நாட்டு வழக்கு. பிண்டாரின் கதை அவ்வழக்கைப் புராணமாக்கியது. சைரீனி அரசர் லிபியாவில் இருப்பது குடியேற்றத்தால் அன்று, தெய்வம் கொடுத்த மண்ணால் என்பது அதன் கருத்து. அப்பாடல் அரசவையில் பாடப்பட்ட சில ஆண்டுகளுக்குள் அவ்வரசமரபு வீழ்ந்தது என்பதையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். உரிமை ஐயுறப்படும் காலத்தே பட்டயம் உரத்த குரலில் படிக்கப்படுகின்றது.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த அப்பொல்லோனியஸ் இம்மண்கட்டியை மேலும் வளர்த்தார். யூபேமஸ் ஒரு கனவு காண்கின்றான். அவன் மார்பிலிருந்த மண்கட்டி பாலால் நனைந்து ஒரு நங்கையாகின்றது. தான் திரித்தனுக்கும் லிபியாவுக்கும் பிறந்த மகள் என்றும், தன்னைக் கடலிற் சேர்த்தால் அவன் வழியினர்க்கு இடமாக மீண்டும் ஒளியில் எழுவேன் என்றும் அவள் கூறுகின்றாள். அவன் மண்ணைக் கடலில் எறியவும், கல்லிஸ்தேத் தீவு எழுகின்றது. பிண்டாரில் முன்பே இருந்த தீவின் கரையில் மண் ஒதுங்கிற்று. அப்பொல்லோனியஸில் தீவே மண்ணினின்று பிறந்தது. கதை இரு நூற்றாண்டில் இவ்வளவு மாறியமை கருதத்தக்கது.

இக்கதை வெறும் புலவர் கற்பனையாய் நின்றுவிடவில்லை. சைரீனியிற் கிடைத்த கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று, அந்நகரில் வாழ்ந்த தேராவினர்க்குச் சம குடியுரிமை வழங்குகின்றது. அதற்குக் காட்டப்படும் ஆதாரம், முதற்குடியேறிகள் செய்துகொண்டதாகக் கூறப்படும் உறுதிமொழி. மெழுகுப் பாவைகளைச் செய்து எரித்து, உறுதிமொழியை மீறுவோர் அப்பாவைகளைப் போல உருகி அழிக என்று சபித்ததையும் கல்வெட்டு உரைக்கின்றது. அவ்வுறுதிமொழியின் வாசகம் முழுதும் பழையதா, பின்னர்த் திருத்தப்பட்டதா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும், மூன்று நூற்றாண்டு கழிந்தபின் சைரீனியில் நிலமும் வாக்கும் கேட்டு நின்ற தேராவினர்க்குப் பழங்கதை வழக்காடும் ஆவணமாகப் பயன்பட்டது என்பது உறுதி.

பெயரை நோக்கிக் கதை சமைக்கும் இம்முறைக்குத் தேராவின் கிழக்கேயுள்ள அனாபேத் தீவு மற்றோர் எடுத்துக்காட்டு. இருளில் திசைதெரியாது தவித்த ஆர்கோ வீரர்க்கு அப்பொல்லோ தன் வில்லை உயர்த்தி ஒளிகாட்ட, அவ்வொளியில் ஒரு சிறு தீவு புலப்பட்டதாம். 'புலப்படுத்துதல்' என்னும் பொருளுடைய கிரேக்க வினையால் அது அனாபே எனப்பட்டதாம். அத்தெய்வத்துக்கு அங்கே ஐக்லீத்தீஸ், அதாவது ஒளியுடையோன், என்று பெயர். ஆனால் அத்தீவின் கல்வெட்டுகளில் அஸ்கெலாதாஸ் என்னும் வடிவமும் காணப்படுகின்றது. இதற்கு ஒளியென்னும் பொருள் இல்லை. விளங்காத பழம்பெயரை விளங்கும் சொல்லாகத் திரித்து, அத்திரிபைக் கொண்டு கதை புனைந்தனர் என்று கொள்ளுதலே பொருந்தும். மேலும், அனாபேக்கு மெம்பிலியாரஸ் என்ற பழம்பெயரும் உண்டென்று பைசாந்திய அகராதியாசிரியர் ஸ்தெபானஸ் எழுதியுள்ளார். தேராவின் 'முதற்குடியேறி', ஒரு தீவின் பெயரினின்று உருவாக்கப்பட்டவன் ஆதல் கூடும் என்னும் ஐயம் இதனால் வலுப்பெறும்.

இனி, இக்காலத்தார் பெரிதும் விரும்பும் ஒரு கருத்தை ஆராய்தல் இன்றியமையாதது. கி.மு. 17 அல்லது 16ஆம் நூற்றாண்டில் இத்தீவில் நிகழ்ந்த எரிமலை வெடிப்பு மனித வரலாற்றில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. அக்ரோத்திரி என்னுமிடத்தில் 1967இல் ஸ்பிரிதோன் மாரினாத்தோஸ் தொடங்கிய அகழாய்வு, சாம்பலின்கீழ்ப் புதைந்த செழித்த நகரொன்றை வெளிப்படுத்தியது. அதுமுதல், தீவின் பெயர்களிலும் கதைகளிலும் அவ்வெடிப்பின் நினைவைத் தேடுவது வழக்கமாயிற்று. அப்பொல்லோனியஸின் மண்கட்டி எரிமலைப் பிறப்பின் நினைவு என்பர். பிளேட்டோவின் அட்லாண்டிஸ் இதுவே என்பர். தீவுக்கு ஸ்திரோங்கிலி, அதாவது வட்டத்தீவு, என்னும் தொல்பெயர் இருந்ததென்றும், வெடிப்பால் நடுப்பகுதி மூழ்குமுன் அது வட்டமாய் இருந்ததன் நினைவே அப்பெயரென்றும் பயண நூல்கள் பலவற்றில் காணலாம்.

இவற்றுள் ஸ்திரோங்கிலிக் கருத்து இருவகையானும் தளர்வுடையது. ஹெரொடோட்டஸ், கல்லிமாக்கஸ், அப்பொல்லோனியஸ், பிளினி, பௌசானியஸ் ஆகிய அனைவரும் தேராவின் பழம்பெயராகக் கூறுவது கல்லிஸ்தே ஒன்றையே. ஸ்திரோங்கிலி என்னும் பெயரைப் பிளினி நாக்சோஸ் தீவுக்கு உரியதாக்குகின்றார். ஸ்திராபோ இத்தாலிக் கடலிலுள்ள எரிமலைத் தீவுக்கு வடிவம் பற்றி வந்ததாகக் கூறுகின்றார். பின்னையதே இன்றைய ஸ்திரோம்போலி. அடுத்து, நிலவியலாரின் முடிபும் வட்டத்தீவுக்கு இடந்தரவில்லை. ஏறத்தாழ 22,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த முந்தியதொரு வெடிப்பாலேயே தீவின் நடுவே பெரும்பள்ளம் உண்டாகியிருந்தது. வெண்கலக் காலத்து வெடிப்பில் வெளியெறியப்பட்ட பொருள்களுள், ஆழமற்ற நீர்நிலையில் மட்டுமே வளரக்கூடிய நுண்ணுயிர்ப் படிவப் பாறைத் துண்டுகள் கிடைத்துள்ளன. ஆகவே வெடிப்புக்கு முன்பே தீவின் உள்ளே நீர் நிறைந்த பள்ளம் இருந்தது. அக்ரோத்திரி மக்கள் கண்டது முழுவட்டமான மலைத்தீவை அன்று.

மண்கட்டிக் கதையின் நிலையும் இதுவே. வெடிப்புக்கும் டோரியர் வருகைக்கும் இடையே பல நூற்றாண்டுகள் கழிந்தன. டோரியர் வேற்று நாட்டினின்று வந்தவர். நகரையே புதைத்த தீயும் சாம்பலும் கடலெழுச்சியும் அவர்தம் தீவுக்கதையில் ஒரு சொல்லாகவேனும் இடம்பெறவில்லை. மென்மையான பால் துளிகளும் ஒரு நங்கையின் வேண்டுகோளுமே உள்ளன. அக்கதை விடையளிக்கும் வினா 'லிபியா யாருக்கு உரியது?' என்பதே. தம் ஊரின் பெயரில் மறைந்த வரலாறு உண்டென்று நம்பும் ஆசை இக்காலத்தார்க்கும் இயல்பே. ஆயின் அவ்வாசை புதுக்கதையைப் படைக்குமேயன்றிப் பழைய நிகழ்ச்சியை மீட்டுத் தாராது.

கண்ணெதிரே நிகழ்ந்த எரிமலைப் பிறப்புக்கு மக்கள் எத்தகைய பெயரிட்டனர் என்பதை அறிய அதே கடற்பள்ளத்தின் நடுவே நோக்குதல் போதும். கி.மு. 197இல் தேராவுக்கும் தேராசியாவுக்கும் இடையே நான்கு நாள் கடலினின்று தீக்கொழுந்து எழுந்து, பன்னிரண்டு ஸ்தாதியச் சுற்றளவுள்ள ஒரு திட்டு உண்டாயிற்று. அப்போது கடலாட்சி செய்த ரோட்ஸ் தீவினரே முதன்முதல் துணிந்து அதன்மேல் ஏறி, நிலத்தை அசையாது காக்கும் பொசைதோனுக்குக் கோயில் எடுத்தனர் என்று ஸ்திராபோ எழுதுகின்றார். அதற்கு ஹியெரா என்றும் ஆத்தோமாத்தி என்றும் பெயர்: 'புனிதமானது', 'தானே தோன்றியது'. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுந்த திட்டு தியா, 'தெய்வத்தன்மையுடையது'. 1570களில் எழுந்தது மிக்ரி காமேனி. 1707 முதல் 1711 வரை எழுந்தது நெயா காமேனி. காமேனி என்றால் 'எரிந்தது'. மிக்ரி சிறியது, நெயா புதியது. அவற்றுக்கு முற்பட்ட திட்டு 'பழைய எரிந்தது' என்னும் பொருளில் பலேயா காமேனி ஆயிற்று. 1925-26 வெடிப்பில் சிறியது புதியதோடு ஒட்டிக்கொள்ள, அதன் தனிப்பெயர் வழக்கொழிந்தது. காரணம் கண்ணுக்குத் தெரிந்த இவ்விடங்களில் தலைவனும் இல்லை, கனவும் இல்லை, மண்கட்டியும் இல்லை. பெயரே காரணத்தைச் சொல்லிவிடுவதால் கதைக்கு வேலையில்லாது போயிற்று.

இறுதியாகச் சாந்தொரினி. இது கிறித்தவப் புனிதை ஐரீன் என்பாரின் பெயர். 1204இல் நான்காம் சிலுவைப்போரினர் கான்ஸ்தாந்தினோப்பிளைக் கைப்பற்றியபின் ஏஜியன் தீவுகள் இலத்தீன் மேலாட்சியுட் பட்டன. அக்காலத்து மேலைநாட்டு மாலுமிகள் தாம் கண்ட கோயிலின் பெயரால் தீவைச் 'சாந்தா ஐரீனி' என்று அழைக்க, அதுவே சாந்தொரினி எனத் திரிந்தது. இதுவரை காரணம் தெளிவு. அதன்பின் பழைய வழக்கம் மீண்டும் தலைகாட்டிற்று. ஐரீன் 304இல் தெசலோனிக்கே நகரில் தம் சமயத்தின்பொருட்டு உயிர் நீத்தவர் என்பது அவர் வரலாறு. தீவிலோ, அவர் நாடுகடத்தப்பெற்று இங்கு வந்து இங்கேயே மாண்டார் என்னும் கதை எழுந்தது. தேராவின் பெயரினின்று தேராஸ் பிறந்தாற்போல், சாந்தொரினி என்னும் பெயரினின்று தீவில் மாண்ட ஐரீன் பிறந்தார். மாலுமிகளின் கண்ணிற்பட்ட கோயில் எது என்பதில் தேராவின் தென்கிழக்குக் கரையிலுள்ள பெரிஸ்ஸாவும், தேராசியாவின் வடமுனையிலுள்ள ரீவா துறையும் இன்றும் உரிமை பாராட்டி நிற்கின்றன. முன்னையதில் பழங்கிறித்தவப் பெருங்கோயிலின் அடித்தளம் உளது. பின்னையதில் கடலருகே ஐரீனின் சிறு கோயில் உளது.